மொட்டை மாடி ஒழுகுதா? தளத்து மேல கை வைக்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது எல்லாம் – முழுமையான வழிகாட்டி

எங்க அப்பா கட்டின வீடு, கான்கிரீட் தளம், மேல செங்கல் ஜல்லி போட்டு தட்டோடு ஒட்டினது, தமிழ்நாட்டுல 80கள் 90கள்ல கட்டின முக்காவாசி வீடு இப்படி தான் இருக்கும். ஒரு ஐப்பசி மழைல ஹால் ஃபேன் கொக்கில இருந்து சொட்ட ஆரம்பிச்சுது, அம்மா அடியில குண்டான் வச்சாங்க, நாங்க ஆள கூப்பிட்டோம், அவர் வந்து தட்டோடு மேலயே வெள்ளை கோட்டிங் ரெண்டு நாள்ல அடிச்சுட்டு பத்து வருஷம் கியாரண்டின்னு சொல்லிட்டு போனார். அடுத்த வருஷம் கார்த்திகைல அதே கொக்கி, அதே குண்டான். அப்புறம் வயசான ஒரு கொத்தனார் வந்தார், அவர் ஒரு பைசா வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் மாடியிலயே சுத்தி சுத்தி வந்தார். அந்த ரெண்டு மணி நேரத்துல அவர் காட்டினதும், அதுக்கப்புறம் சொந்தக்காரங்க வீடு ரெண்டு மூணுல கூட நின்னு பாத்து கத்துக்கிட்டதும் தான் இங்க எழுதுறேன். நான் இன்ஜினியர் இல்ல, ஆனா பணத்தை எங்க போட்டா வீணாப் போகும்னு நல்லா தெரியும்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். மேல என்ன பூசுறோம்ங்கிறதுல தான் எல்லாரும் காசை கொட்டுறோம், தண்ணி எங்க நிக்குது எந்த ஓரத்துல இறங்குதுன்னு யாரும் பாக்குறதில்ல. தளம் ஒழுகுறதுக்கு காரணம் பெரும்பாலும் வாட்டமும் (தண்ணி வடியுறதுக்கு தளத்துல குடுக்கிற சரிவு) ஓரமும் தான்.

எங்க இருந்து வருதுன்னு முதல்ல கண்டுபிடிங்க

சொட்டுற இடத்துக்கு நேர் மேல தான் ஓட்டை இருக்கும்னு நினைக்கிறது தான் பெரிய தப்பு. தட்டோடு இடுக்குல இறங்குற தண்ணி நேரா கீழ வராது, ஜல்லிக்குள்ள ஊறி, வாட்டம் எந்த பக்கமோ அந்த பக்கம் கான்கிரீட் மேலயே நகர்ந்து போகும், எங்க விரிசல் கிடைக்குதோ அங்க இறங்கும். கான்கிரீட்டுக்குள்ள கரண்ட் ஒயர் போற பைப் இருக்குல்ல, அதுக்குள்ள புகுந்துட்டா அந்த பைப்பையே வாய்க்காலா வச்சுக்கிட்டு பத்து அடி தள்ளி ஃபேன் பாக்ஸ்ல வந்து சொட்டும். எங்க வீட்ல அது தான் நடந்துச்சு, ஓட்டை இருந்தது சமையல்கட்டு மேல, கைப்பிடி சுவர் ஓரத்துல. (ஃபேன், லைட் பாயிண்ட் வழியா தண்ணி வந்தா முதல் வேலை அந்த லைனோட மெயின ஆஃப் பண்றது. மத்ததெல்லாம் அப்புறம்.)

அந்த கொத்தனார் செஞ்சது இது தான். கொத்துக் கரண்டியோட மரப்பிடிய வச்சு ஒவ்வொரு ஓடா தட்டிக்கிட்டே போனார். நல்லா ஒட்டியிருக்கிற ஓடு கெட்டியா "டக்"னு கேக்கும், அடியில விட்டுப்போன ஓடு பானைய தட்டுற மாதிரி "டொப்"னு கேக்கும். டொப்னு கேட்ட ஓட்டு மேல எல்லாம் சாக்பீஸ்ல ஒரு பெருக்கல் குறி. அரை மணி நேரத்துல மாடி முழுக்க படம் மாதிரி தெரிஞ்சுது, ஒரு மூலைல நெருக்கமா பத்து பதினஞ்சு குறி, மத்த இடத்துல அங்கொண்ணு இங்கொண்ணு. நீங்களே பண்ணலாம் இத, காசே இல்ல.

அடுத்தது, மழை விட்டு ரொம்ப நாள் ஆன பிறகும் ஒழுகுதான்னு பாருங்க. ஒழுகினா அது தளம் இல்ல, டேங்க்ல இருந்து வர்ற பைப்போ மாடி பாத்ரூமோ தான். இத பாக்காம தளத்தை உடைச்சவங்கள எனக்கு தெரியும், மனசு கஷ்டமா இருக்கும், 200 ரூபா எல்போ (பைப் திரும்புற இடத்துல வர்ற வளைவு) மாத்துற வேலைக்கு மாடி முழுக்க பேத்துட்டாங்க.

அப்புறம் தண்ணி கட்டி பாக்குறது. மழைத்தண்ணி போற வாய அடைச்சு, ஒரு பகுதிய மட்டும் சின்னதா வரப்பு கட்டி, ரெண்டு இன்ச் தண்ணி 48ல இருந்து 72 மணி நேரம் நிக்கவிட்டு கீழ பாக்கணும். பகுதி பகுதியா பண்ணுங்க, அப்ப தான் எந்த பக்கம் தப்புன்னு தெரியும். கீழ கம்பி தெரியுற அளவுக்கு காரை விழுந்திருந்தா மட்டும் இந்த டெஸ்ட் வேண்டாம், 1000 சதுர அடில ரெண்டு இன்ச் தண்ணின்னா நாலரை டன்னுக்கு மேல வெயிட்.

கீழ இருந்து மேல பாருங்க

சீலிங்ல கம்பி ஓடுற கோடு மாதிரி விரிசல், துரு கலர் கறை, காரை தொப்பையா இறங்கி நிக்கிறது, இதுல எது இருந்தாலும் தட்டோடு மாத்துற வேலை முதல் வேலை இல்ல. இரும்பு துருப்பிடிச்சா முன்ன இருந்ததை விட ரெண்டு மூணு மடங்கு இடம் கேக்கும், அந்த அழுத்தத்துல தான் கான்கிரீட்டே வெடிச்சு விழுது. இத மேல மேல சிமெண்ட் வச்சு பூசி பெயிண்ட் அடிச்சு மறைக்கிறாங்க, உள்ள துரு நிக்கவே நிக்காது, ரெண்டு வருஷத்துல பூசினதும் சேர்ந்து விழும், கட்டில்ல குழந்தை படுத்திருக்கும் நேரமா பாத்து கூட விழலாம். தயவு செஞ்சு இத சாதாரணமா எடுத்துக்காதீங்க.

சரியான முறை: ஆடுற கான்கிரீட்டை எல்லாம் கொத்தி எடுத்து, கம்பிக்கு பின்னாடி விரல் போற அளவு இடம் விட்டு, துருவ கம்பி பிரஷ்ல நல்லா சுரண்டி, துரு தடுக்கிற ஜிங்க் ப்ரைமர் அடிச்சு, பழசும் புதுசும் ஒட்டுறதுக்கான பாண்டிங் கோட் குடுத்து, அது ஈரமா இருக்கும்போதே பாலிமர் கலந்த கலவை வைக்கணும். கம்பி பாதியா தேஞ்சு போயிருந்தா இதுவும் பத்தாது, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருத்தர கூப்பிட்டு காட்டிட்டு தான் அடுத்த அடி. அவர் ஃபீஸ யோசிக்காதீங்க.

இன்னொண்ணு. ஓதம் தெரியக்கூடாதுன்னு சீலிங்ல அடியில இருந்து வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடிக்கிறாங்க, அது ரொம்ப ஆபத்து. மேல இருந்து தண்ணி வந்துக்கிட்டே இருக்கு, கீழ வெளிய வர வழி இல்ல, அப்ப அந்த தண்ணி எங்க நிக்கும்? கம்பிகிட்ட தான். மேல் பக்கத்தை முடிச்சுட்டு, சீலிங் ரெண்டு மாசம் காயட்டும், அப்புறம் பெயிண்ட்.

எந்த மாசம்

ஆவணி புரட்டாசில தான் எல்லாருக்கும் தளம் ஞாபகம் வரும். வடகிழக்கு பருவமழை அக்டோபர் டு டிசம்பர், செப்டம்பர்ல பிரிச்சு போட்டா பாதில மாட்டிப்பீங்க, அப்ப அவசரத்துல ஈரத்து மேலயே எல்லாம் பூசுவாங்க. தை முடிஞ்சு மாசில ஆரம்பிச்சு பங்குனிக்குள்ள முடிக்கிறது தான் நல்லது. சித்திரை வெயில்லயும் பண்ணலாம், ஆனா கலவை போட்ட மாத்திரத்துல தண்ணி உறிஞ்சி வெடிச்சிடும், விடியக்காலை வேலை, மத்தியானம் ஈரச் சாக்கு மூடுறதுன்னு கவனம் ரெண்டு மடங்கு வேணும். கன்னியாகுமரி, நீலகிரி பக்கம் தென்மேற்கு மழையும் இருக்கிறதால அந்த ஊர்க்காரங்களுக்கு இன்னும் கொஞ்சம் நாள் தான் கிடைக்கும்.

பழசை எடுக்கணுமா, மேலயே போடலாமா

"பழசு இருக்கட்டும் சார், மேலயே இன்னொரு லேயர் போட்டு ஓடு ஒட்டிடலாம், செலவு கம்மி" – இத கண்டிப்பா சொல்லுவாங்க. ஒத்துக்காதீங்க. கணக்கு போட்டு பாருங்க, 1000 சதுர அடிக்கு மூணு இன்ச் ஜல்லி கான்கிரீட் சுமார் 12 டன் வரும், ஒரு சதுர அடிக்கு 12 கிலோவுக்கு மேல. ஆளு ஏறி நடமாடுற மொட்டை மாடிக்கு நம்ம இந்திய தரக்குறியீடு வச்சிருக்கிற நடமாட்ட சுமையே சதுர மீட்டருக்கு 150 கிலோ, அதாவது சதுர அடிக்கு சுமார் 14 கிலோ தான். ஆக ரெண்டாவது லேயர் போடுறதுன்னா மாடி முழுக்க எந்நேரமும் கூட்டம் நிக்கிற மாதிரி, அதுவும் 30 வருஷ பழைய கம்பி மேல. அதோட அடியில ஊறிப்போன பழைய ஜல்லி காயவே காயாது.

ஓடு அங்கங்க மட்டும் விட்டிருக்கு, ஜல்லி காஞ்சு கெட்டியா இருக்குன்னா அந்த ஓடுகள மட்டும் மாத்தி இடுக்கு எல்லாம் சுரண்டி புதுசா பாயிண்டிங் (இடுக்குல கலவை அடைக்கிறது) பண்ணாலே போதும், யாராச்சும் முழுசா உடைக்கணும்னு சொன்னாலும் சரின்னு சொல்லாதீங்க. ரெண்டு மூணு இடத்துல ஓடுகள தூக்கி ஜல்லிய கைல எடுத்து பாருங்க. ஈரமா, பிசைஞ்சா மாவா உதிர்ந்தா, அப்ப முழுசா எடுத்துடறது தான் வழி.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியது: டிரில்லிங் மெஷின் வேண்டவே வேண்டாம், சுத்தியல் உளி தான். மெஷின் அதிர்ச்சில கான்கிரீட்ல புது விரிசல் விழும். இடிச்ச கழிவை மாடி நடுவுல குவிச்சு வைக்காதீங்க, பாத்தா சின்ன குவியலா தான் தெரியும், ஆனா ஒரு கன மீட்டர் ஒரு டன்னுக்கு மேல. அன்னன்னைக்கு இறக்கிடணும், அதுவரைக்கும் சுவர் ஓரமா பரப்பி வைக்கலாம்.

கான்கிரீட் வெளிய தெரிஞ்சதும் நல்லா கூட்டி, தண்ணி ஊத்தி கழுவி விட்டுட்டு, அது காயும்போது பக்கத்துலயே நில்லுங்க. இது எனக்கு ரொம்ப பிடிச்ச கட்டம். மத்த இடம் எல்லாம் வெளுத்து வரும், விரிசல் இருக்கிற இடம் மட்டும் ஈரத்தை பிடிச்சுக்கிட்டு பென்சில் கோடு போட்ட மாதிரி கருப்பா நிக்கும். எங்க வீட்ல அந்த கோடு கைப்பிடி சுவர் ஓரத்துல ஆரம்பிச்சு வளைஞ்சு வளைஞ்சு ஒரு ஒயரிங் பைப் மேல போய் நின்னுச்சு, ரெண்டு வருஷம் தேடினது அஞ்சு நிமிஷத்துல கண்ணு முன்னாடி. போட்டோ எடுத்துக்கோங்க. அந்த கோடுகள 'வி' மாதிரி வெட்டி, பாலிமர் கலவை அடைச்சு, தேன்கூடு மாதிரி பொத்தலா இருக்கிற இடத்துல சிமெண்ட் பால் இறக்கி, அதுக்கப்புறம் கான்கிரீட் மேல சிமெண்ட் கலந்த வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் ரெண்டு கை, முதல் கை நெடுக்க, ரெண்டாவது கை குறுக்க. கோட்டிங்னு ஒண்ணு போடணும்னா அதுக்கு நல்ல இடம் இது தான், வெயில் படாம ஜல்லிக்கு அடியில பத்திரமா கிடக்கும். காஞ்சதும் மறுபடி தண்ணி கட்டி பாத்துட்டு தான் அடுத்த வேலை. மேஸ்திரி அவசரப்படுத்துவார், விட்டுக்குடுக்காதீங்க.

வாட்டம், தண்ணி வாய்

வாட்டம் 10 அடிக்கு 2 இன்ச் இருக்கணும். கண்ணால பாத்து சரியா இருக்குன்னு சொல்றத நம்பாதீங்க, டியூப் லெவல் (மட்டம் பாக்குறதுக்கு தண்ணி ரொப்பின டியூப்) வச்சு சுவர்ல நூல் அடிச்சு குறி போட்ட பிறகு தான் ஜல்லி கொட்டணும். 20 அடி நீளத்துக்கு ஒரே பக்கம் வாட்டம் குடுத்தா தூர மூலைல 4 இன்ச் கூடுதலா ஏறும், அது அத்தனையும் வெயிட், அதனால ரெண்டு பக்கமா பிரிச்சு இன்னொரு பைப் வைக்கிறது நல்லது. நல்ல மழைக்கு 4 இன்ச் பைப் ஒண்ணு 450 சதுர அடிக்கு தான் தாங்கும். பழைய வீடுகள்ல 1000 அடிக்கு ஒரே ஒரு 3 இன்ச் பைப் வச்சிருப்பாங்க, அதுலயும் பாதிய சருகு அடைச்சிருக்கும். இப்ப பெய்யிற மழைய நினைச்சு பாருங்க, 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 94 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. அதனால பைப் வாய்க்கு மேல ரெண்டு இன்ச் உயரத்துல கைப்பிடி சுவர்லயே இன்னொரு துவாரம் விட்டு வைங்க, கீழ அடைச்சாலும் அது வழியா வெளிய போயிடும், தளம் குளமாகாது.

பைப் வாய சுத்தி தான் நிறைய வீட்ல ஒழுகுது. வாய சுத்தி ஒன்றரை அடிக்கு தளத்தை இன்னும் கொஞ்சம் பள்ளமா இறக்கி, கோட்டிங்க பைப்புக்கு உள்ள வரைக்கும் மடிச்சு விடணும், வெறும் சிமெண்ட் அப்பினா ஒரு வெயில்ல விட்டுடும். பிளாஸ்டிக்கும் சிமெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது.

ஜல்லியும் தட்டோடும்

நம்ம பொதுப்பணித்துறை வேலைகள்ல காலங்காலமா இருக்கிற அளவு, 20 எம்எம் செங்கல் ஜல்லி 32 பங்குக்கு நீத்த (தண்ணி விட்டு பூக்க வச்ச) சுண்ணாம்பு 12½ பங்கு, மணல் கிடையாது. ஜல்லிய முதல்ல நல்லா ஊறப்போடணும், கொட்டினதுக்கப்புறம் மரக்கட்டையால தட்டணும், சுண்ணாம்புத் தண்ணி தெளிச்சுக்கிட்டே நாள்கணக்குல தட்டணும், கட்டை அடிச்சா எகிறி வரணும், அது தான் பதம். முந்தி கடுக்காய் வெல்லம் ஊறின தண்ணி தெளிப்பாங்க, பொம்பளைங்க வரிசையா உக்காந்து பாட்டு பாடிக்கிட்டே தட்டுவாங்க. இப்போ ஆள் கூலிக்கு பயந்து சுண்ணாம்புக்கு பதிலா சிமெண்ட் போட்டு ஒரே நாள்ல முடிச்சிடுறாங்க. சிமெண்ட் சுருங்கி வெடிக்கும், சுண்ணாம்பு வெயில்ல விரிஞ்சு சுருங்குறதுக்கு வளைஞ்சு குடுக்கும், வீட்டுக்குள்ள சூடும் கம்மி. முடிஞ்ச வரைக்கும் சுண்ணாம்பே கேளுங்க. ஜல்லின்னு சொல்லி இடிச்ச வீட்டு கழிவை கொட்டுறாங்களான்னும் பாருங்க, வேகாத செங்கல் தண்ணில கரைஞ்சிடும், ஒரு துண்ட வாளில போட்டு ராத்திரி விட்டு காலைல நசுக்கி பாத்தா தெரிஞ்சிடும்.

தட்டோடு 9 இன்ச் சதுரம், 20 எம்எம் கனம், மெஷின்ல அழுத்தினதா வாங்குங்க, அதையும் ஊறவச்சு தான் ஒட்டணும். 1:3 கலவை (சிமெண்ட் ஒரு பங்கு, மணல் மூணு பங்கு), தண்ணி இறங்காம இருக்க ஒரு மூட்டை சிமெண்டுக்கு 5 கிலோ குரூட் ஆயில், அதே கலவைல ரெட் ஆக்சைடு (சிவப்பு கலர் பொடி) சேர்த்து இடுக்கு அடைக்கிறது. இடுக்கே விடாம நெருக்கி ஒட்டினா அழகா இருக்கும், ஆனா கலவை உள்ள இறங்காது, மேல பூசினது மட்டும் நிக்கும், முதல் கோடைல தூசியா பறந்துடும். விரல் நுனி கனத்துக்கு இடுக்கு விடச் சொல்லி கூடவே நில்லுங்க. ஒட்டி முடிச்சதுக்கு அப்புறம் பத்து நாள் தண்ணி நிக்கணும்.

வழவழப்பான வெள்ளை டைல்ஸ் ஒட்டுறவங்களும் இருக்காங்க, சூடு நிஜமாவே குறையும். மழைல வழுக்கும், வயசானவங்க துணி காயப்போட போற வீடா இருந்தா சொரசொரப்பானது மட்டும் எடுங்க.

கைப்பிடி சுவர் ஓரம்

தளமும் சுவரும் சேர்ற மூலைய செங்குத்தா விடவே கூடாது. கான்கிரீட் ஒரு மாதிரி விரியும் செங்கல் சுவர் ஒரு மாதிரி விரியும், நடுவுல நூல் மாதிரி பிளவு வரத்தான் செய்யும். மூலைல இருக்கிற பழைய காரைய கொத்தி எடுத்து, கோட்டிங்க சுவர் மேல ஒரு அடி ஏத்தி, கண்ணாடி இழை வலை வச்சு, மேல உள்வளைவா காரை வச்சு முடிக்கணும். கைப்பிடி சுவரோட தலைப்பகுதி மாடி பக்கமா சாஞ்சிருக்கணும், வெளிப்பக்கம் சாஞ்சா மழைத்தண்ணி வெளிச்சுவர்ல வழிஞ்சு ரூம் சுவர் முழுக்க ஓதம்.

அரசங்கன்னு வேப்பங்கன்னு முளைச்சிருந்தா சும்மா பிடுங்கி எறியாதீங்க, வேர் உள்ளயே அறுந்து நின்னு மறுபடி தழைக்கும். சுவரை கொத்தி வேர் முனை வரைக்கும் எடுத்துட்டு அடைக்கணும். கொஞ்ச வேலை தான், ஆனா விட்டா சுவரையே பிளந்துடும்.

மேல அடிக்கிற கோட்டிங் வேணும்னா

தப்புன்னு சொல்லல. வாட்டம் சரியா இருந்து, தளம் காஞ்சு இருந்தா வெள்ளை கோட்டிங் சூட்டை நல்லா குறைக்கும். காஞ்சிருக்கான்னு பாக்க, ரெண்டு அடி சதுரத்துக்கு பாலித்தீன் கவர நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி சாயங்காலம் விட்டுட்டு மறுநாள் மத்தியானம் எடுங்க, உள்ள வேர்த்திருந்தா அடிக்காதீங்க, கொப்புளம் கொப்புளமா எழும்பும். எங்க வீட்ல முதல் கோட்டிங் அப்படி தான் போச்சு, குத்தினா உள்ள இருந்து தண்ணி வந்துச்சு.

பேச்சுவார்த்தை

வாய் வார்த்தைல எதுவும் வேணாம். எத்தனை இன்ச் ஜல்லி, சுண்ணாம்பா சிமெண்டா, வாட்டம் எவ்வளவு, கோட்டிங் எத்தனை கை, எந்தெந்த நாள் தண்ணி கட்டி பாக்கணும், கழிவு யார் எடுக்குறது, எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. சதுர அடி ரேட்டுன்னு மட்டும் பேசினா கைப்பிடி சுவர் ஓரம் கணக்குல வரலன்னு கடைசில தகராறு வரும். பணத்தை வேலைக்கு தகுந்த மாதிரி பிரிச்சு குடுங்க, பத்துல ஒரு பங்கு முதல் பெருமழை பாத்துட்டு தரேன்னு முன்னாடியே சொல்லிடுங்க. வேலை தெரிஞ்சவர் இதுக்கு முகம் சுளிக்க மாட்டார்.

முடிஞ்சதுக்கு அப்புறம்

டிஷ் ஆன்டெனா, துணி காயப்போடுற கம்பம், ஏசி ஸ்டாண்டு, இதுக்கெல்லாம் தளத்துல ஓட்டை போட விடாதீங்க, கைப்பிடி சுவர்ல அடிக்கலாம். 2024ல மத்திய அரசோட சூர்ய கர் திட்டம் வந்ததுல இருந்து நிறைய பேர் சோலார் போடுறாங்க, நல்ல விஷயம், ஆனா பேனல் 25 வருஷம் இருக்கும், அதனால தளத்து வேலைய முடிச்சுட்டு தான் பேனல் ஏத்தணும், போல்ட் அடிக்காம கான்கிரீட் கட்டை மேல ஸ்டாண்டு நிக்கிற மாதிரி கேளுங்க. அந்த கட்டைங்க தண்ணி ஓடுற வழிய மறிக்காம இருக்கணும். டேங்கும் அப்படி தான், 1000 லிட்டர்னா ஒரு டன், தளத்து நடுவுல வேணாம், கீழ சுவர் இருக்கிற இடமா பாத்து மேடை கட்டி வைங்க.

கான்கிரீட் தெரிஞ்சப்ப எடுத்த போட்டோ இருக்குல்ல, அதுல டேப் வச்சு எந்த சுவர்ல இருந்து எத்தனை அடில ஒயரிங் பைப் போகுது, எங்க விரிசல் அடைச்சோம்னு எழுதி பிரிண்ட் போட்டு வீட்டு பத்திரத்தோட வச்சிடுங்க. நாங்க வச்சிருக்கோம். போன வருஷம் இன்வெர்ட்டர் ஒயர் இறக்க வந்தவர் டிரில்ல எடுத்ததும் அந்த போட்டோவ தான் அம்மா கொண்டு வந்து காட்டினாங்க, அவர் வச்ச குறி சரியா பைப் மேல இருந்துச்சு, ரெண்டு அடி தள்ளி போட்டார்.